24 எச்.பி. மினி டிராக்டர், நாலு ஏக்கர் மணல் தோப்பு: எந்தக் கருவியை முதலில் வாங்குவது?

புதுமடம் தோப்பு:
வணக்கம். உச்சிப்புளியிலிருந்து புதுமடம் போகிற வழியில் எங்களுக்கு நாலு ஏக்கர் இருக்கிறது. ரோட்டை ஒட்டிய ரெண்டு ஏக்கர் தென்னை, 25 அடி இடைவெளி, பட்டுப்போனது போக எண்பது மரம் தேறும். அதற்குப் பின்னால் ஒரு ஏக்கர் முழுக்கச் சீமைக்கருவேலம், உள்ளே ஆடு போனால் தேடிப்பிடிக்க முடியாது. கடல் பக்கத்து ஏக்கரில் மணல் மேடு, கொஞ்சம் பனை, உடைமரம். அத்தாவால் இப்போது பார்க்க முடியவில்லை, நான் வளைகுடா வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். விவசாயம் பண்ணி லாபம் எடுக்கிற எண்ணமெல்லாம் இல்லை, இடம் காடாகாமல் இருந்தால் போதும்.

மச்சான் மூலமாகப் பரமக்குடிப் பக்கம் ஒரு பழைய 24 எச்.பி. டிராக்டர் கிடைத்தது, ஃபோர் வீல் டிரைவ், வண்டி நல்ல கண்டிஷன். கருவி எதுவும் கூட வரவில்லை. கடையில் கேட்டால் ஐந்தடி ரோட்டவேட்டர் (சுழலும் பிளேடால் மண்ணைக் கிளறுவது), ஸ்லாஷர் (புல், புதர் வெட்டுவது), மண் அள்ள முன்னால் மாட்டுகிற லோடர், குழி தோண்டும் கருவி என்று நீளமாக எழுதித் தருகிறார்கள். கையில் ரெண்டு லட்சம்தான் இருக்கிறது.

இன்னொரு பிரச்சனை. பக்கத்துத் தோப்பில் ஒன்பது கொத்து (மண்ணைக் கீறும் இரும்புக் கால்) உள்ள கலப்பையை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தோம். முதலில் டிராக்டரின் கீழ் ஆர்மில் கலப்பையின் இரும்புப் பின் (ஊசி) நுழையவே இல்லை, வேறு பின் போட்டு ஒருவழியாக மாட்டினால் கொஞ்ச தூரத்திலேயே பின் டயர் மணலைத் தோண்டிக்கொண்டு உட்காருகிறது, தூக்கினால் முன்சக்கரம் மேலே எழும்புகிறது. வண்டியில் கோளாறா, கலப்பையில் கோளாறா?

தொண்டி டீசல்:
ரெண்டிலும் கோளாறு இல்லை பாய், ஜோடி பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஒன்பது கொத்து என்பது 35 எச்.பி.க்கு மேல் உள்ள வண்டிக்கு. உங்கள் வண்டியின் லிங்கேஜ், அதாவது பின்னால் கருவி மாட்டுகிற அமைப்பு, கேட்டகரி 1 அளவு, கீழ் பின் 22 மி.மீ., மேல் பின் 19. பெரிய டிராக்டருக்குச் செய்த கருவி பெரும்பாலும் கேட்டகரி 2, கீழே 28, மேலே 25. அதனால்தான் நுழையவில்லை. சில மினி டிராக்டரில் 1என் என்று இன்னும் குறுகலான லிங்கேஜ் வரும், அதில் கேட்டகரி 1 கருவியும் அகலம் ஒத்துவராது. எதை வாங்கப் போனாலும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு, உங்கள் ரெண்டு ஆர்முக்கும் நடுவில் உள்ள அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள், கடைக்காரர் வாயை நம்பாதீர்கள்.

முன்சக்கரம் எழும்புவதற்குக் காரணம் எடை. இந்த அளவு வண்டிகளில் தூக்கும் திறன் 750 கிலோ என்று போட்டிருப்பார்கள், அது ஆர்ம் நுனியில் அளந்த கணக்கு. பாரம் பின்னால் தள்ளிப்போகப் போக அந்தத் திறன் குறைந்துகொண்டே வரும், முன்பக்கமும் லேசாகிவிடும். முன்னால் எடைக்கட்டி மாட்டலாம், ஆனால் முதலில் கருவியைச் சின்னதாக்குங்கள்.

டயர் புதைவதற்கு: மணலில் இறங்கும் முன்பே ஃபோர் வீல் போட்டுவிட வேண்டும், புதைந்த பிறகு போட்டுப் பயனில்லை. ரோட்டுக்கு அடித்த காற்றோடு மணலில் இறங்காதீர்கள், டயர் கம்பெனி சொல்லும் வயல் அளவுக்குக் குறையுங்கள். கொத்தை ஆழமாக விடாதீர்கள், மணலுக்கு நாலு விரல்கடை போதும். டிஃப் லாக் (ரெண்டு பின்சக்கரமும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டுவது) போட்டபடி வண்டியைத் திருப்பவே கூடாது.

பெரியபட்டினம் தென்னை:
தம்பி, அந்தக் கடைப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். ஐந்தடி ரோட்டவேட்டர் முந்நூறு கிலோ பக்கம் இருக்கும், 24 எச்.பி. அதைச் சுற்றாது, சுற்றினாலும் திணறும். உங்கள் வண்டிக்கு மூன்றரை, மிஞ்சினால் நாலடி.

அதுவும் சொந்தமாக வேண்டுமா என்பதே என் கேள்வி. நம் மணல் ஏற்கெனவே பொலபொலவென்றுதான் கிடக்கிறது, அதை இன்னும் மாவாக்கினால் ஆடி மாதக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். மணல் அரைத்து அரைத்து பிளேடும் சீக்கிரம் தேயும். தென்னைக்குத் தூரைச் சுற்றி ஆறடிக்குள்தான் உரம் வைக்கிறோம், அங்கேதான் வேர் அடர்த்தி, அதற்குள் இரும்பே போகக் கூடாது. நடுச்சாலில் களை எடுக்க ஐந்து கொத்து கலப்பை தாராளம், அதுவும் ஸ்பிரிங் கொத்தாக வாங்குங்கள், பழைய வேர் மாட்டினால் வளைந்துகொடுக்கும், விறைப்பான கொத்து என்றால் ஒடியும் அல்லது லிங்கேஜை வளைக்கும். புரட்டாசியில் மழைக்கு முன்னால் ஒரு ஓட்டு, தை பிறந்ததும் களைக்கு ஒரு ஓட்டு. இடையில் பசுந்தாள் உரத்துக்குக் கொழுஞ்சியோ சணப்போ விதைத்தீர்கள் என்றால் பூக்கிற சமயத்தில் மடக்கி உழ ரோட்டவேட்டர் நல்லதுதான், ஆனால் அது வருஷத்துக்கு ஒரு நாள் வேலை. வாடகைக்குப் பிடித்துக்கொள்ளலாம்.

தேவிபட்டினம் உழவன்:
ரோட்டவேட்டர் வேண்டாம் என்று எல்லாரும் சொல்லிவிட முடியாது. எங்கள் பக்கம் களிமண் கலந்த நிலம், கலப்பை மட்டும் ஓட்டினால் கட்டி கட்டியாக நிற்கும், ரோட்டவேட்டர் இல்லாமல் மிளகாய்க்கு நிலம் தயார் பண்ண முடியாது. வாடகை வண்டியும் நாம் கேட்கிற நாளில் வராது, மழை விழுந்தால் எல்லாருக்கும் ஒரே நாளில் வேண்டும்.

பெரியபட்டினம் தென்னை:
அண்ணே, உங்கள் மண்ணுக்கு நீங்கள் சொல்வது சரி. அவர் கேட்பது உச்சிப்புளி மணலுக்கு. அவசரத்துக்கு விதைக்கவும் போவதில்லை, வண்டி ஒரு வாரம் கழித்து வந்தாலும் குடிமுழுகாது.

சாயல்குடி பனங்காடு:
கருவேலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மினி டிராக்டரில் எதை மாட்டினாலும் அந்த ஒரு ஏக்கர் அடங்காது. ஸ்லாஷர் புல்லுக்கும் குச்சிக்கும்தான், கருவேலத்தை அடித்தால் தூரிலிருந்து நாலு கிளை சேர்த்து வெடிக்கும், கியர்பாக்ஸ் போவது தனி. தூரோடு பிடுங்க ஜே.சி.பி.தான், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கூப்பிடுங்கள்.

இதில் வரிசை முக்கியம். கரிமூட்டம் போடுகிறவர்கள் வந்து "நாங்களே வெட்டிக்கொள்கிறோம், காசும் தருகிறோம்" என்பார்கள். முதலில் அவர்களை விட்டால் தரையோடு அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் கட்டையைத் தோண்ட ஜே.சி.பி.க்குப் பிடி இருக்காது, மணிக்கணக்கு ஏறும். மரம் நிற்கும்போதே சாய்த்துத் தூரோடு எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு அவர்களைக் கூப்பிடுங்கள். தூர்க்கட்டையில் நல்ல கரி விழும், வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

எடுத்த பிறகு ரெண்டு மூன்று மழைக்கு விதை முளைத்துக்கொண்டே இருக்கும். ஆடு நெற்றைத் தின்றுவிட்டுப் புழுக்கையிலேயே விதைத்துவிடும், ஆட்டை உள்ளே விடாதீர்கள். கன்றாக இருக்கும்போதே உங்கள் ஐந்து கொத்து போட்டால் வந்துவிடும், முட்டளவு வளர்ந்துவிட்டால் கடப்பாறைதான். முள்ளைப் பொறுக்காமல் டிராக்டரை உள்ளே விட்டால் பஞ்சர் கடைக்காரர் உங்களுக்கு உறவாகிவிடுவார். உடைமரமும் முள்தான் என்று சேர்த்துப் பிடுங்கச் சொல்லிவிடாதீர்கள், அது நம் ஊர் மரம், ஜே.சி.பி. டிரைவருக்கு முதலிலேயே காட்டிவிடுங்கள். பனையிலும் கை வைக்க வேண்டாம், 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தபடி வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும்.

புதுமடம் தோப்பு:
எல்லாருக்கும் நன்றி. கடல் பக்க மணல் மேட்டை மட்டும் லோடர் வாங்கித் தள்ளி, அந்த மணலைத் தோப்புப் பள்ளத்தில் நிரப்பலாம் என்று இருந்தேன். எழுத விட்டுப்போனது. அப்புறம் வேலிக்குக் குழி போடும் கருவி, மட்டைக்கு என்ன செய்வது?

ராம்நாடு சர்வே:
மேட்டைத் தொடாதீர்கள். கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பில் மணல் மேடுகள் முதல் வகைப் பகுதியில் வருகின்றன, பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் அதைச் சமன் செய்ய முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த மேடும் பனையும்தான் கடல் காற்றிலிருந்து உங்கள் தென்னையைக் காக்கிறது. லோடர் செலவு மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோப்புக்குள் மேடு பள்ளம் நிரவ, பின்னால் மாட்டுகிற லெவலர் பிளேடு போதும், அது மலிவு, கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை.

பெரியபட்டினம் தென்னை:
குழிக் கருவியும் வாடகைக்குத்தான். வேலி ஒரு தடவை போடுவது. காய்ந்த மணலில் அந்தக் கருவியை வெளியே எடுக்கும்போதே குழி சரிந்துவிடும், முதல் நாள் தண்ணீர் விட்டு ஊறவைத்துப் போடுங்கள், அல்லது மழைக்குப் பிறகு.

மட்டைக்குக் கணக்குப் போடுங்கள். ஒரு மரத்துக்கு வருஷம் பன்னிரண்டு மட்டை விழும், எண்பது மரத்துக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம். தூளாக்கும் மெஷின் உங்கள் வண்டியில் ஓடாது, பெரிய டிராக்டரோடு வாடகைக்கு வரும். அது கிடைக்கும்வரை துண்டாக வெட்டிப் பாத்தியில் பரப்புங்கள். மூலையில் குவித்து மக்க விட்டால் காண்டாமிருக வண்டுக்கு வீடு கட்டிக்கொடுத்த மாதிரி.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது டிரெய்லர். யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், பார்க்கக் கவர்ச்சியாக இருக்காது. மட்டை, எரு, தேங்காய், கல்கால், லாரித் தண்ணீர் டேங்க், எல்லாம் அதில்தான் போகும். ஒன்றரை டன் அளவு, ரெண்டு சக்கரம். பழையது வாங்கினால் ஆர்.சி. இருக்கிறதா என்று பாருங்கள், டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு.

தொண்டி டீசல்:
உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்காற்றில் கொத்து, பிளேடு, பின் எல்லாம் சீக்கிரமே செதிலாக உரியும். வேலை முடிந்ததும் கழுவுவது நல்லது, ஆனால் உங்கள் போர் தண்ணீரே உப்பாக இருந்தால் கழுவுவதே கெடுதல், காய்ந்த துணியால் மணலைத் துடைத்துவிட்டு வேஸ்ட் ஆயில் பூசிவிடுங்கள். பி.டி.ஓ. (கருவியைச் சுற்ற வைக்கும் பின்பக்கத் தண்டு) பல்வரிசையிலும் மேல் லிங்க் மரையிலும் கிரீஸ் எப்போதும் இருக்க வேண்டும். வாடகைக் கருவி வந்தாலும் பி.டி.ஓ. ஷாஃப்ட் மூடி இல்லாமல் ஓட்ட விடாதீர்கள். 540 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று, கைலியைப் பிடித்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும். பேண்ட் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

ராம்நாடு சர்வே:
எதையும் காசு கொடுத்து வாங்குவதற்கு முன் ராமநாதபுரம் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். கருவிக்கு மானியம் உண்டு. சிறு குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40, ரெண்டுக்கும் உச்சவரம்பு இருக்கிறது. ஐந்து ஏக்கருக்குள் இருப்பதால் நீங்கள் சிறு விவசாயி, தாசில்தார் அலுவலகச் சான்று வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பில்லோடு போனால் கிடைக்காது. எந்தெந்தக் கருவிக்கு இப்போது உண்டு என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுமடம் தோப்பு:
சரி. டிரெய்லர், ஐந்து கொத்து ஸ்பிரிங் கலப்பை, லெவலர், இவ்வளவுதான் வாங்குகிறேன். மற்றதெல்லாம் வாடகை. பட்டா அத்தா பெயரில் இருக்கிறது, நாளை அவரையும் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம், டிரெய்லர் டிப்பராக எடுக்கலாமா, சாதாவா?

பெரியபட்டினம் தென்னை:
எருவும் மணலும் அடிக்கடி ஏற்றினால் டிப்பர். மட்டையும் தேங்காயும்தான் என்றால் சாதாவே போதும், அந்தக் காசில் டயர் புதிதாகப் போடுங்கள்.