புது டிசைனர்களைத் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். கோவையில் சின்னத் துணிக்கடை வைத்திருக்கிறேன். சொந்த லேபிள் தொடங்கிக் கொஞ்ச காலமே ஆன டிசைனர்களின் உடைகளுக்குக் கடையில் ஒரு பகுதி ஒதுக்கப் போகிறேன். யாரையாவது தெரியுமா?

நம் கைத்தறியில் வேலை செய்பவர்கள் என்றால் ரொம்ப சந்தோஷம். காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் அகலக் கரை வீணாகாமல் சட்டையாக, குர்தாவாக வெட்டத் தெரிந்தவர் வேண்டும். அப்புறம் மதுரை சுங்குடி, புள்ளிப் புள்ளியாகச் சாயமேற்றிய பருத்தித் துணி. அச்சடித்த புள்ளி வேண்டாம். நூலால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றியதுதான் வேண்டும். முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி நிற்கும், தடவினாலே தெரியும். அந்த அழகுக்கு ஈடில்லை.

லாக்மே ஃபேஷன் வீக்கில் புது டிசைனர்களை அறிமுகப்படுத்தும் ஜென்நெக்ஸ்ட் பட்டியலைப் பார்த்து வருகிறேன். டிசைனர் ராகுல் மிஸ்ரா 2006-ல் கேரளக் கைத்தறியோடு அறிமுகமான மேடை அது. ஆனால் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே திறமைசாலிகளைப் பார்த்துவிட ஆசை. சென்னை நிஃப்ட் ஃபேஷன் கல்லூரி மாணவர்களின் படைப்புகளைப் பார்த்தவர்களே, யாருடைய வேலை மனதில் நின்றது?

டிசைனுக்கு ஐந்தாறு உருப்படி போதும். முழுப் பணமும் கொடுத்தே எடுப்பேன், விற்ற பிறகு தருகிற கணக்கெல்லாம் இல்லை. லேபிள் பெயரும் ஊரும் சொன்னால் போதும், நானே பேசிக்கொள்கிறேன்.