நிஞ்சாவில் லிப்மோட்பஸ் மாறினாலும் மறுபடி பில்ட் ஆகலை

பணகுடிக்காத்து:
ராதாபுரம் பக்கம் காத்தாலைகள்ல ரீடிங் எடுக்குத சி புரோகிராம், சிமேக் (பில்ட் விதிகளை எழுதிக் கொடுக்குத டூல்) வச்சு பில்ட். கருவிகளோட மோட்பஸ் முறையில் பேசுத லிப்மோட்பஸ் லைப்ரரியை எக்ஸ்டெர்னல்புராஜெக்ட்_ஆட் (வெளி லைப்ரரியை நம்ம பில்டோடயே பில்ட் பண்ணுத சிமேக் கட்டளை) போட்டுச் சேர்த்திருக்கோம். அந்த விதிகளை ஓட்டுத மேக் டூலில் ஓடுச்சு. அதே வேலை செய்யுத நிஞ்சாவுக்கு மாத்தினதும் லிப்மோட்பஸ்.ஏ (லைப்ரரியை பில்ட் பண்ணினா கிடைக்குத ஃபைல்) இல்லை, அதை உண்டாக்க விதியும் இல்லைன்னு எடுத்த எடுப்பிலேயே நின்னுபோகுது. ஆட்_டிபென்டென்சீஸ் கொடுத்தாச்சு. இன்னொண்ணு, லைப்ரரி சோர்ஸில் ஒரு வரி திருத்தினா பில்ட் கண்டுக்கவே மாட்டேங்கு. சைட்டில் நெட்டும் கிடையாது. வழி சொல்லுங்க அண்ணாச்சி.

அம்பை_ஆத்தங்கரை:
ஆட்_டிபென்டென்சீஸ் எது முந்தி எது பிந்தின்னு மட்டும்தான் சொல்லும். மேக் அந்த இடத்துக்கு வந்த பிறகுதான் ஃபைலைத் தேடும். நிஞ்சா அப்படியில்லை, ஒரு கமாண்டு ஓடுமுன்னாலேயே ஒவ்வொரு ஃபைலும் எந்த விதியில் வருதுன்னு கேக்கும். அதனால பில்ட்_பைபுராடக்ட்ஸில் (பில்டில் உண்டாகுத ஃபைலைச் சொல்லுத இடம்) .ஏ ஃபைலோட பாதையைக் கொடுங்க. இம்போர்ட்டட்_லொகேஷனில் (லைப்ரரி எங்கே இருக்குன்னு சிமேக்குக்குச் சொல்லுத இடம்) இருக்க அதே பாதை, எழுத்துக்கு எழுத்து. லைப்ரரியோட ஹெடர் ஃபைலுக்கான இன்க்ளூட் ஃபோல்டர் கான்ஃபிகர் நேரத்துலயே இருக்கணும், இல்லேன்னா சிமேக் அங்கேயே எரர் போடும். முன்கூட்டியே காலியா உண்டாக்கிருங்க.

மேலப்பாளையம்_சி:
ரெண்டாவதுக்குக் காரணம் ஸ்டாம்ப் ஃபைல். டவுன்லோடு, கான்ஃபிகர், பில்ட், இன்ஸ்டால் ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் ஒரு ஸ்டாம்ப் விழும். அது இருந்தா அந்தப் படியைத் தாண்டிப் போயிரும், சோர்ஸை எட்டிப் பார்க்காது. பில்ட்_ஆல்வேஸ் 1 போட்டா ஒவ்வொரு தடவையும் உள்ளே மேக் ஓடும். லிப்மோட்பஸ் சின்னது, நேரம் பிடிக்காது. ஆனா இன்ஸ்டால் படி .ஏ ஃபைலைப் புதுசா எழுதி நேரத்தை மாத்திரும், திருத்தம் இல்லாமலே உங்க புரோகிராமோட லைப்ரரியைச் சேர்க்குத லிங்க் படி திரும்ப நடக்கும். இன்ஸ்டால்_கமாண்டுக்கு ""ன்னு காலியா கொடுத்துட்டு, சோர்ஸ் ஃபோல்டரிலேயே பில்ட் ஆக பில்ட்_இன்_சோர்ஸ் போட்டு, எஸ்ஆர்சி/.லிப்ஸ் உள்ள இருக்க .ஏ ஃபைலையே லிங்க் பண்ணுங்க. சந்தேகம்னா நிஞ்சா -டி எக்ஸ்பிளெய்ன் ஓட்டுங்க, எந்த ஃபைலால மறுபில்டுன்னு காட்டும்.

அம்பை_ஆத்தங்கரை:
டார் ஃபைல் (சோர்ஸை ஒண்ணா கட்டி வச்ச ஃபைல்) விரிஞ்ச ஃபோல்டர்ல திருத்தாதீங்க. யூஆர்எல்லோ ஹேஷோ (ஃபைல் மாறலைன்னு சரிபார்க்குத எண்) மாறினா சிமேக் அதை அழிச்சுட்டுத் திரும்ப விரிக்கும், திருத்தமெல்லாம் போச்சு. லைப்ரரியை உங்க ரெப்போவிலேயே (உங்க கோடு இருக்க இடம்) வச்சு சோர்ஸ்_டிர்ரில் அந்த இடத்தைக் காட்டுங்க. டவுன்லோடே நடக்காது, சைட்டுக்கும் அதுதான் தோது. எடுக்கும்போது ரிலீஸில் ஏத்தியிருக்க டார் ஃபைலை எடுங்க. கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் அதுல தயாரா இருக்கும். கிட் சோர்ஸ்னா அந்த ஸ்கிரிப்டை உண்டாக்க ஆட்டோடூல்ஸ் வேணும். கிட்ஹப் தானா உண்டாக்குத டாரோட எஸ்எச்ஏ-256 ஹேஷ் மாறலாம். 2023 ஜனவரியில் மாறி நிறைய பில்ட் உடைஞ்சுது.

பணகுடிக்காத்து:
பைபுராடக்ட்ஸ் பாதையில் 'லிப்'க்குப் பதிலா 'லிப்64' கொடுத்திருந்தேன். சரியாயிட்டு. சோர்ஸ்_டிர்ருக்கும் மாத்தியாச்சு.