வேற்றுக்கிரகக் கதை வழியாக ராஜதந்திரம்: கதை சொல்லி உதவுங்கள்

நண்பர்களே, சேலம் அஸ்தம்பட்டியில் ஞாயிறுதோறும் பிளஸ் டூ பிள்ளைகளோடு கதை படிக்கிறோம். போன வாரம் 'அரைவல்' (2016) படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது, வேற்றுக்கிரகத்தார் சொன்ன ஒரே சொல்லைச் சிலர் ஆயுதம் என்று எடுத்துக்கொள்ள, கருவி என்றும் பொருள் இருக்கலாமே என்று மொழியியலாளர் மன்றாட, அதற்குள் நாடுகள் ஒன்றோடொன்று பேசுவதையே நிறுத்திவிடும். பிள்ளைகள் அசந்துபோனார்கள். 1985ல் ஜெனீவாவில் அமெரிக்க அதிபர் ரீகன் சோவியத் தலைவர் கோர்பசேவிடம், வேற்றுக்கிரகத்தார் அமெரிக்காவைத் தாக்கினால் உதவுவீர்களா என்று கேட்டதையும் சொன்னேன், எனக்கு மிகப் பிடித்த சம்பவம் அது.

சரி, கேள்வி இதுதான். பேச்சுவார்த்தையை மையமாக வைத்த அறிவியல் சிறுகதை தமிழில் தெரிந்தால் சொல்லுங்கள், போர்க்கதை வேண்டாம், அது நிறையவே கிடைக்கிறது. அப்புறம், தூதரகத்தில் வேலை பார்த்தவர்கள் சேலம், ஏற்காடு பக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் வந்து பேச முடியுமா?