சூடு பட்டா நிறம் மாறுமே, அந்தச் சட்டை யாராவது போட்டிருக்கீங்களா?

தோ பாயோ வாசி:
1991, தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி. இங்கே சிங்கப்பூர்ல, பாசார் மாலாம்ங்கிற ராத்திரிச் சந்தையில 12 வெள்ளி. ஊதா டீ-ஷர்ட், கை வச்சா ரோஸ். ஒரிஜினல் இல்லை, அமெரிக்காவோட ஹைப்பர்கலர்ங்கிற பிராண்டைப் பார்த்து யாரோ அடிச்ச நகல். 13 வயசுல அதெல்லாம் யார் பார்த்தா. தீபாவளி காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு வர்றேன், அம்மா மடிப்புக் கலையட்டும்னு ஒரு இஸ்திரி போட்டுட்டாங்க. முதுகுல முழு இஸ்திரிப் பெட்டி, மூக்கு முதல் வால் வரைக்கும் ரோஸ். ஆறினா சரியாயிடும்னு அப்பா சொன்னார். ஃபேன்ல காட்டினேன். ஃப்ரிஜ்ல வச்சேன். மத்த இடமெல்லாம் இன்னும் அடர் ஊதா ஆச்சு, அந்த முக்கோணம் மட்டும் அப்படியே. மூணு நாள் அம்மாகிட்ட பேசலை, அவங்க சுட்ட முறுக்கைக்கூடத் தொடலை. ராத்திரி தண்ணி குடிக்க வந்தா, ஃப்ரிஜ் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு அந்தச் சட்டையை விரலால தடவிப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. அதுதான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

மரின் பரேட் அக்கா:
தம்பி, உங்களுக்கு முக்கோணம், எனக்கு அஞ்சு விரல். அதே வருஷம். என்னோடது பச்சை, சூடு பட்டா மஞ்சள். மேட்னி ஷோ, தியேட்டர்ல ஏசி நடுக்குது, 'அவர்' கை படம் முழுக்க என் தோள்ல. இடைவேளைக்கு லைட் போட்டாங்க. கையை எடுத்துட்டார், அடையாளத்தை எடுக்கலையே! பின் வரிசையில எங்க புளோக் ஏழாவது மாடி ஆன்டி. என்னைப் பார்த்தாங்க, தோளைப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. தன் சால்வையை எடுத்து என் மேல போட்டு, "குளிருதுல்ல, போத்திக்கோ"ன்னாங்க. வீட்டுல சொன்னாங்களா இல்லையா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

கிளமெண்டி எஞ்சினியர்:
அக்கா, கோபப்படாதீங்க, நம்ப முடியலை. நம்ம ஊர்ல மதியம் 31, 32 டிகிரி. உடம்புச் சூடு வேற. வெளியே வந்த அஞ்சாவது நிமிஷம் சட்டை முழுக்க மஞ்சள்தான், அதுல விரல் எங்கே தெரியும்? எனக்கு ஏசி இல்லாத பஸ்ல கம்பியைப் பிடிச்சப்போ அக்குள் மட்டும் தனி நிறமாச்சு, பக்கத்து சீட் பிள்ளைங்க சிரிச்சாங்க, அவ்வளவுதான் என் கதை.

விஷயம் தெரியாம எல்லாரும் அம்மாவைக் குத்தம் சொல்றாங்க. அந்தச் சாயம் கண்ணுக்குத் தெரியாத பொட்டலங்களுக்குள்ள இருக்கு. உள்ளே சாயம், லேசான ஒரு அமிலம், மெழுகு மாதிரி ஒரு பொருள். மெழுகு உறைஞ்சிருந்தா சாயமும் அமிலமும் ஒட்டிக்கிட்டு நிறம் காட்டும். உருகினா பிரிஞ்சு நிறம் போயிடும், அடியில இருக்கிற நிறம் தெரியும். ஆறினா திரும்பும். ஆனா இஸ்திரிச் சூட்டுல பொட்டலமே கெட்டுப்போகும், அப்புறம் ஃப்ரிஜ் என்ன, வட துருவத்துலயே வச்சாலும் வராது. இப்பவும் யாராவது வாங்கினா: பச்சைத் தண்ணியில துவைங்க, உள்பக்கத்தைத் திருப்பிப் போடுங்க, குளோரின் வேண்டாம், டிரையர் வேண்டாம். முக்கியமா ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில தொங்க விடாதீங்க, வெயில்ல அந்தச் சாயம் சீக்கிரம் செத்துப்போகும். ஹைப்பர்கலரைப் போட்ட அந்த அமெரிக்கக் கம்பெனி, சியாட்டில்ல இருந்த ஜெனரா, 1991ல விற்பனையில கொடிகட்டிப் பறந்து 1992லயே திவால்.

மரின் பரேட் அக்கா:
தியேட்டர்னு எழுதியிருக்கேன். ஏசின்னும் எழுதியிருக்கேன். எஞ்சினியருக்குப் படிக்க நேரமில்லை, எழுத மட்டும் நேரம் இருக்கு. வெளியே வந்ததும் முழுக்க மஞ்சளானது நிஜம்தான். அதனாலதான் அம்மாகிட்ட தப்பிச்சேன்.

உட்லண்ட்ஸ் அம்மா:
நடுவுல நான் ஒண்ணு. மகளுக்கு ஒரு வெள்ளை கவுன், வெறும் கோட்டுல பட்டாம்பூச்சி. வெயில்ல போனா கலர் வரும். தஞ்சாவூர்லேருந்து மாமியார் வந்திருந்தாங்க. மூணு பேரும் லிஃப்ட்ல இறங்கி கார் பார்க்ல கால் வச்சோம், கவுன்ல நீலமும் ஊதாவும் பூத்துடுச்சு. "அடியே, யாரோ பிள்ளை மேல சாயத்தை ஊத்திட்டான்!" பிள்ளையை அள்ளிக்கிட்டு புளோக்குக்குக் கீழ்த்தளத்துல திறந்து கிடக்கிற வோய்ட் டெக் நிழலுக்கு ஓடி, முந்தானையைத் தண்ணி பாட்டில்ல நனைச்சு அழுத்தி அழுத்தித் துடைச்சாங்க. கலர் போயிடுச்சு. "பார்த்தியா, உடனே துடைச்சா கறை நிக்காது"ன்னு எனக்குப் பாடம் வேற. ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காங்களாம். நான் இன்னும் வாயைத் திறக்கலை.

கிளமெண்டி எஞ்சினியர்:
அது வேற ஜாதிச் சாயம். சூடு இல்லை, வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர். வெளியே போனா கறுக்கிற கண்ணாடி மாதிரி. மாமியார் துடைக்காம இருந்தாலும் நிழல்ல தானா போயிருக்கும்.

உட்லண்ட்ஸ் அம்மா:
அதை நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க. நம்பர் தரவா?

தோ பாயோ வாசி:
மூணு பேருக்கும் நன்றி. அம்மாவுக்கு இப்போ 76. போன தீபாவளிக்குத் தேக்காவுல எனக்கு ஒரு சட்டை எடுத்துட்டு வந்தாங்க, சாதாரண நீலக் காட்டன். கையில குடுத்துட்டு, "இதை இஸ்திரி போடலாம்தானே?"ன்னு கேட்டாங்க.

கிளமெண்டி எஞ்சினியர்:
காட்டன்னா தாராளமா போடலாம். இருந்தாலும் லேபிளைப் பாருங்க.