கார் ஆம்ப்ளிஃபையருக்கு எவ்வளவு தடிமன் ஒயர் போடணும்? அவசரம்

பெருந்துறை_வேகன்ஆர்:
வணக்கம்ணா. டிக்கியில சப்வூஃபர், ஆம்ப்ளிஃபையர் வெச்சிருக்கேன். சவுண்ட் ஏத்தினா ஹெட்லைட் மங்குது, சில நேரம் ஆம்ப்ளிஃபையரே கட் ஆகுது. பவர் ஒயர் பத்தலைங்கறாங்க. எந்த சைஸ் வாங்கலாம்? ஞாயித்துக்கிழமை மாட்டணும்.

ராத்திரி_பேஸ்:
ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தர்ற நிஜ பவர்) எத்தனை வாட்ஸ்? இப்ப என்ன ஒயர் இருக்கு? பேட்டரியிலிருந்து எத்தனை மீட்டர்?

பெருந்துறை_வேகன்ஆர்:
பெட்டியில 1500 வாட்ஸ்னு போட்டிருக்குங்க.

சவுண்ட்_சரவெடி:
ஒயரை விடுங்க ப்ரோ. கரண்ட்டைச் சேத்து வெச்சுத் தர்ற 1 ஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்க, லைட் மங்கறது நின்னுடும். என் வண்டியில நின்னுச்சு.

பழைய_சர்க்யூட்:
மாசத்துக்கு ரெண்டு பேர் இதையே வந்து கேக்கறீங்க. பத்தாங்கிளாஸ் ஓம் விதி ஞாபகம் இருந்தா இந்தக் கேள்வியே வேண்டாம். பெட்டியில போட்டிருக்கற 1500 விளம்பரம். ஆம்ப்ளிஃபையர்ல என்ன ஃப்யூஸ் செருகியிருக்கு, சர்க்யூட் வகை கிளாஸ் ஏபியா, கிளாஸ் டியா, அதைப் பாத்து எழுதுங்க. கெப்பாசிட்டர் தம்பிக்கு: 1 ஃபாரட்ல 1 வோல்ட் இறங்கினா கிடைக்கறது 1 கூலும். 50 ஆம்பியர் இழுத்தா 20 மில்லி செகண்ட்ல தீந்துடும்.

வைண்டிங்_கடை:
8 கேஜ் தாராளமாப் போதும் தம்பி. 8 கேஜ்னா 4.06 எம்.எம். விட்டம், கிட்டத்தட்ட 13 ஸ்கொயர் எம்.எம். வருது.

பழைய_சர்க்யூட்:
அது நீங்க மோட்டார் கட்டற எஸ்.டபிள்யூ.ஜி., பிரிட்டிஷ் கம்பி அளவுக் கணக்கு. கார் கிட்ல போடறது ஏ.டபிள்யூ.ஜி., அமெரிக்க அளவு. அதுல 8 கேஜ்னா 8.37 ஸ்கொயர் எம்.எம்.தான். தெரியாம ஆலோசனை சொல்லாதீங்க.

வைண்டிங்_கடை:
முப்பது வருஷமா செம்புக் கம்பியைக் கையில பிடிக்கறவன் நான். நம்ம ஊர்க் கடையில கேஜ்னு கேட்டா எஸ்.டபிள்யூ.ஜி.தான் தருவாங்க. மரியாதையாப் பேசுங்க.

ராத்திரி_பேஸ்:
ரெண்டு பேர் சொல்றதும் சரிதாங்க. அதனாலதான் நான் எப்பவும் ஸ்கொயர் எம்.எம். கேட்டு வாங்கறேன். தம்பி, நீங்க இருக்கீங்களா?

பெருந்துறை_வேகன்ஆர்:
மன்னிக்கணும், டியூட்டியில இருந்தேன். 25 ஆம்பியர் ஃப்யூஸ் ரெண்டு இருக்கு. கிளாஸ் ஏபி. 5 மீட்டர் வருது. ஆன்லைன்ல வாங்கின 8 கேஜ் கிட் ஏற்கெனவே மாட்டியிருக்கேன். எர்த் பின்சீட் போல்ட்ல.

ராத்திரி_பேஸ்:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்! 50 ஆம்பியர், 13.8 வோல்ட், கிளாஸ் ஏபியில உள்ள போற பவர்ல பாதிக்குக் கொஞ்சம் மேல சவுண்டா வெளிய வரும்னு வெச்சா 350-400 வாட்ஸ் நிஜம். சுத்தச் செம்பா இருந்தாலே அந்த 8 கேஜ்ல, 50 ஆம்பியர் போறப்ப, பாசிட்டிவ் ஒயர்ல மட்டும் அரை வோல்ட் போயிடும். முனையை பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையாத் தெரிஞ்சா செம்பு முலாம் பூசின அலுமினியம். ரெசிஸ்டன்ஸ் ஒன்றரை மடங்கு, இழப்பு முக்கால் வோல்ட் தாண்டும். மேல ரப்பர் தடிப்பா இருக்கறதை நம்பாதீங்க.

16 ஸ்கொயர் எம்.எம். செம்பு, நைஸ் இழை ஒயர் போடுங்க. இழப்பு கால் வோல்ட் கிட்ட வந்துடும். எர்த்துக்கும் அதே தடிமன், நீளம் கம்மியா. பெயிண்டைச் சுரண்டி வெறும் தகட்டுல போல்ட் போடுங்க. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள்ள 60 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம். வழியில ஒயர் உராஞ்சு பாடியில பட்டா வண்டியைக் காப்பாத்தறது அந்த ஃப்யூஸ்தான்.

சவுண்ட்_சரவெடி:
வெல்டிங் கேபிள் 25 ஸ்கொயர் எம்.எம். போட்டா? மெக்கானிக் ஒருத்தர் சொன்னார்.

வைண்டிங்_கடை:
போடலாம், இழை நல்லா வளையும். ஆனா அதுலயும் அலுமினியம் விக்கறாங்க, பாத்து வாங்குங்க. வீட்டு ஒயரிங் ஒயர் மட்டும் வேண்டாம், ஆட்டத்துல இழை ஒடியும்.

பழைய_சர்க்யூட்:
அதை ஒத்துக்கறேன்.

பெருந்துறை_வேகன்ஆர்:
சுரண்டினேன், வெள்ளைதாங்க. 16 செம்பு மாட்டியாச்சு, எர்த்தும் மாத்திட்டேன். இப்ப கட் ஆகல, லைட் லேசா மட்டும் மங்குது. எல்லாருக்கும் நன்றிணா.

ராத்திரி_பேஸ்:
சந்தோஷம் தம்பி. ஃப்யூஸ் பேட்டரி பக்கம்தானே போட்டீங்க?

ராத்திரி_பேஸ்:
தம்பி, ஃப்யூஸ் எங்க இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அதுவரைக்கும் லாங் டிரைவ் போகாதீங்க.