எலைஜா லவ்ஜாய்: உடைக்கப்பட்ட அச்சு இயந்திரங்கள் மூன்றா, நான்கா?

கேள்வி: அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்த பத்திரிகை ஆசிரியர் லவ்ஜாயின் அச்சு இயந்திரங்கள் எத்தனை அழிக்கப்பட்டன? இரண்டு கணக்கும் கண்ணில் படுகிறது.

பதில் 1: நான்கு. 1836 ஜூலையில் செயின்ட் லூயிஸிலிருந்து இல்லினாய்ஸ் மாநிலத்து ஆல்டன் நகருக்கு வந்து கரையில் கிடந்த இயந்திரத்தை அடிமை முறை ஆதரவாளர்கள் மிசிசிப்பி ஆற்றில் தள்ளினார்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பிறகு 1837 ஆகஸ்ட், செப்டம்பர், நவம்பர் 7.

பதில் 2: சரி. கடைசி இயந்திரம் கல்லால் கட்டிய கிடங்கில் இருந்தது. சுவர் உறுதி, கூரையோ மரம். ஜன்னல் இல்லாத பக்கமாக ஏணி சாய்த்துத் தீ வைக்க ஏறினார்கள், உள்ளிருந்து அங்கே சுட வழியில்லை. அதைத் தடுக்க வெளியே வந்த லவ்ஜாய் மீது ஐந்து குண்டுகள் பாய்ந்தன. இயந்திரத்தை ஜன்னல் வழியே எறிந்து, நொறுக்கி, துண்டுகளை ஆற்றில் போட்டார்கள். இரண்டு நாள் கழிந்திருந்தால் அவருக்கு 35 வயது.

கேட்டவர்: நன்றி. அந்த முதல் இயந்திரத்தைத்தான் நானும் விட்டிருந்தேன்.