தாரிம் படுகையில் பசுமை கூடியது இயற்கையாலா, மனிதராலா?

செம்புலம்:
முதுகலை ஆய்வேட்டுக்காக சீனாவின் ஷின்ஜியாங்கில் உள்ள தாரிம் ஆற்றுப்படுகையை 2000 முதல் மோடிஸ் செயற்கைக்கோள் கருவியின் என்.டி.வி.ஐ. (தாவரப் பசுமையைக் காட்டும் குறியீடு) படங்களில் பார்த்து வருகிறேன். படுகையின் சராசரி ஏறுமுகம். ஒவ்வொரு பிக்ஸலிலும் மழை, வெப்பநிலையோடு ரிக்ரஷன் (அவற்றால் பசுமை மாற்றத்தை எவ்வளவு விளக்கலாம் என்ற புள்ளியியல் கணக்கு) போட்டு, விளக்கப்படாமல் மிஞ்சுவதை மனிதத் தாக்கம் என்று எழுதச் சொல்கிறார் வழிகாட்டி. அப்படிச் செய்தால் ஆற்றோரக் காடு கிட்டத்தட்ட முழுவதும் மனிதர் கணக்கில் விழுகிறது. இது சரியா?

வறள்நிலத்தான்:
ஆற்றோரத்துக்கு இந்த முறை பொருந்தாது தம்பி. தாரிமின் கீழ்ப்பகுதியில் ஆண்டு மழை 50 மி.மீ.கூட இல்லை. அங்கே நிற்கும் தோக்ராக் மரம் (பாலைவன பாப்லர்) மழையை நம்பி இல்லை. ஆறு ஊட்டும் நிலத்தடி நீரை வேர்விட்டு எட்டிப் பிழைக்கிறது. அந்தத் தண்ணீர் பல நூறு கிலோமீட்டர் தள்ளி பெரும்பாலும் தியான்ஷான் மலைப் பனியிலிருந்து வருகிறது. மலையில் சூடு கூடி உருகல் அதிகமானால் அது காலநிலையால் வந்த மாற்றம்தானே, படுகையில் இருக்கும் மனிதர் செய்தது இல்லையே? உங்கள் ரிக்ரஷனோ அந்த பிக்ஸலின் தலைக்கு மேல் பெய்த மழையை மட்டும்தான் பார்க்கிறது. உருகிவந்த நீரையும் மனிதர் கணக்கில் எழுதிவிடுகிறது.

மனிதர் பங்கு சிறியது என்று சொல்லவில்லை. 1972இல் தாஷிஹாய்ஸி நீர்த்தேக்கம் கட்டினார்கள். அதற்குக் கீழே சுமார் 320 கி.மீ. ஆறு காய்ந்தது, கடைசியில் இருந்த தைதேமா ஏரியும் வற்றியது. 1990களில் தாரிமுக்கு மலைநீர் கொண்டுவரும் அக்சு ஆற்றில் வரத்து கூடியபோதும் கீழே சொட்டு வரவில்லை. இடையில் இருந்த பருத்தி வயல்கள் குடித்துவிட்டன. இயற்கை கூடுதலாகக் கொடுத்ததை மனிதர் அதற்கும் மேலாக எடுத்த இடம் அது. இரண்டையும் ஒரே மிச்சத்தில் போட்டால் இந்தக் கதையே காணாமல் போகும்.

படுகைச் சராசரியையும் உடைத்துப் பாருங்கள். அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு சொட்டுநீர்ப் பருத்தியாக இருக்கலாம். வயல் பச்சையாவதும் காடு பச்சையாவதும் ஒன்றல்ல.

செம்புலம்:
நன்றி அண்ணா. வயலையும் காட்டையும் எப்படிப் பிரிப்பது? என்னிடம் நல்ல நிலப்பயன்பாட்டு வரைபடம் இல்லை.

வறள்நிலத்தான்:
மே மாதப் படத்தை எடுங்கள். அப்போது தோக்ராக் துளிர்த்திருக்கும், பருத்தி இன்னும் பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே சிறு நாற்று. ஜூலையில் இரண்டும் பச்சை. இந்த வித்தியாசமே பெரும்பாலான வயலைக் காட்டிக்கொடுக்கும். அப்புறம், ஆற்றோரத்துக்கு மோடிஸ் வேண்டாம். மரவரிசை சில இடங்களில் ஒரு பிக்ஸல் அகலம்கூட இல்லை, 250 மீட்டரில் பாதி மணல் கலந்துவிடும். லேண்ட்சாட் செயற்கைக்கோளின் 30 மீட்டர் பிக்ஸலுக்குப் போங்கள். மழைக்குப் பதில் மலையடிவாரத்து நீர்வரத்தையும், தாஷிஹாய்ஸியில் திறந்துவிட்ட அளவையும் தனித்தனி மாறிகளாக வையுங்கள். முதலாவது மனிதர் கை பெரும்பாலும் படாதது, இரண்டாவது முழுக்க மனிதர் முடிவு.

விதைமணி:
ஒன்று சேர்க்கிறேன். 2000இல் தாஷிஹாய்ஸியிலிருந்து கீழே தண்ணீர் திறக்கத் தொடங்கி, 2001 நவம்பரில் அது தைதேமாவை எட்டியது. அதன்பின் ஆற்றை ஒட்டி நிலத்தடி நீர் ஏறியது, பட்டுப்போனதாக நினைத்த மரங்களும் தழைத்தன. ஆற்றிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் பலன் மெலிந்துவிடுகிறது.

அதைவிட என்னை உறுத்துவது கன்றுகள். தோக்ராக் விதை பஞ்சோடு பறக்கும் பொடி; உதிர்ந்து சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடும். அது உதிரும் கோடையில் வெள்ளம் கரைதாண்டிப் பரவி ஈரமான வண்டல் கிடைத்தால்தான் முளைக்கும். ஆற்றுக்குழிக்குள்ளேயே விடும் தண்ணீர் வயதான மரங்களைக் காப்பாற்றும், புதிய தலைமுறையைத் தராது. என்.டி.வி.ஐ. இரண்டையும் ஒரே பச்சையாகத்தான் காட்டும். தோக்ராக்கின் இளங்கன்றில் இலை வில்லோ போல ஒடுக்கமாக இருக்கும், முதிர்ந்த மரத்தில் அகன்று ஓரம் பல்பல்லாக இருக்கும். களப்படம் யாராவது தந்தால் ஒடுங்கிய இலை எத்தனை இடத்தில் தெரிகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு ஆண்டும் எந்த மாதத்தில் தண்ணீர் திறந்தார்கள் என்பதையும் உங்கள் தரவு அட்டவணையில் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.